ஏரி நடுவே தானாகக் கூப்பிட்ட ஜீப்

போன வருஷம் பங்குனி மாதம், அமாவாசைக்கு முதல் நாள் நடந்தது இது. கும்மிடிப்பூண்டியிலிருந்து கிழக்கே சுண்ணாம்புக்குளம் தாண்டிப் போனால் பழவேற்காடு ஏரி வருமே, அதன் காய்ந்த படுகைதான் இடம். நேரம் பட்டப்பகல். அமானுஷ்யம் என்றால் ராத்திரியில்தான் நடக்கும் என்று நினைக்கிறவர்கள் இதை நம்ப வேண்டாம். அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். சோழவரத்தில் கார் ரேஸ் நடந்துகொண்டிருந்த காலத்தில் அங்கே போய் ஓரமாக நின்று, ஒயர் பிடி என்றால் பிடித்து, ஸ்பேனர் கொடு என்றால் கொடுத்து, பார்த்துப் பார்த்தே வண்டி எலக்ட்ரிக் வேலை கற்றுக்கொண்டவன். யாரும் எனக்குக் கையைப் பிடித்துச் சொல்லித்தரவில்லை. யாரும் ஒரு வாய் டீகூட வாங்கித்தரவில்லை. இன்றைக்கு பைபாஸ் ஓரத்தில் நாலு லாரியை ஒரே நேரத்தில் நிறுத்தி வேலை பார்க்கிற ஷெட் என்னுடையது. தொழிற்பேட்டைக்குள் போய்வருகிற டிரெய்லர், டேங்கர், கிரேன் எதுவானாலும் லைட் எரியவில்லை, செல்ஃப் எடுக்கவில்லை என்றால் நேராக என்னிடம்தான் வரும். நான் ஒயரிங் போட்ட வண்டி ரோட்டில் நின்றது என்று ஒருத்தன் சொன்னதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கே சொன்னாலும் தப்பில்லை, உண்மைதானே.

அந்த மாதம் ஒரு தம்பி ஜீப்பைக் கொண்டுவந்து விட்டார். தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு கிரேன் வாடகைக்கு விடுகிறவர். நாற்பது வயது இருக்கும். ரொம்ப நாளாக என்னிடம் வண்டி வேலை கொடுக்கிறவர் என்பதால் உரிமையோடு என்னை நைனா என்றுதான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமையானால் சிநேகிதர்களோடு ஜீப்பை எடுத்துக்கொண்டு சேறு, மணல், மலை என்று சுற்றுவது அவருக்குப் பொழுதுபோக்கு. வண்டி நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. அதில் அவர் எக்ஸ்ட்ரா லைட் மாட்டியிருந்தார், டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசர் வைத்திருந்தார், தண்ணீர் பாட்டில் குளிர வைக்க ஒரு சின்ன பிரிட்ஜ் வைத்திருந்தார். புதிதாக முன்னால் ஒரு வின்ச் வேண்டும், பஸ்ஸுக்கு மாட்டுகிற மாதிரி ஜோடி ஹாரன் வேண்டும் என்றார். வின்ச் என்பது கம்பிக் கயிறு சுற்றிய மோட்டார். வண்டி சிக்கிக்கொண்டால் கயிற்றை ஒரு மரத்தில் கட்டி, மோட்டாரைப் போட்டால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இதற்கெல்லாம் யார் யாரோ பேட்டரியிலிருந்து நேராக ஒயரை இழுத்து விட்டிருந்தார்கள். பானட்டைத் திறந்தால் இடியாப்பம் மாதிரி இருந்தது. வண்டி கம்பெனியிலிருந்து வரும்போது அதில் ஒரு ஃபியூஸ் பாக்ஸ் இருக்கும். அது அளவுச் சாப்பாடு மாதிரி, கூட நாலு பேர் வந்து உட்கார்ந்தால் தாங்காது. அதனால் இரண்டாவதாக ஒரு ஃபியூஸ் பாக்ஸ் வைத்து, பேட்டரியிலிருந்து தடியாக ஒரே ஒயர் இழுத்து, ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனி ஃபியூஸ் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். வின்ச் மட்டும் கரண்டை ஏகத்துக்குக் குடிக்கும், அதற்கு நேர் ஒயர்தான்.

அங்கேதான் எனக்கும் தம்பிக்கும் ஒரு வாய்ச்சண்டை வந்தது. அவர் எங்கிருந்தோ ஒரு பிரேக்கர் வரவழைத்திருந்தார். லோடு அதிகமானால் தானே கட்டாகும், சூடு ஆறியதும் தானே சேர்ந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் ஃபியூஸுக்குப் பதில் இதையே போடு என்றார். எனக்கு அந்தச் சாமானைக் கண்டாலே ஆகாது.

"ஃபியூஸுன்னா போச்சுன்னா போச்சு, அதுக்கு ஒரு மானம் கீது. இது இன்னாப்பா, கோச்சிக்கினு போன மாப்ள மாதிரி போறதும் வர்றதுமா?" என்றேன்.

"நடுக்காட்ல ஃபியூஸ் போச்சுன்னா, உன் மானத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது நைனா?" என்றார் அவர்.

கடைசியில் ஹாரனுக்கு மட்டும் அந்தப் பிரேக்கரைப் போட்டுத் தருகிறேன், மற்றதெல்லாம் என் இஷ்டம் என்று ராசியானோம். ஹாரன் இருந்த இடத்தை வின்ச் பிடித்துக்கொண்டதால், ஹாரனைத் தள்ளி மாட்டி, பட்டனிலிருந்து வருகிற சின்ன ஒயரில் ஒரு துண்டு சேர்த்து, வண்டியின் அடிச்சட்டமான சேஸை ஒட்டிக் கீழே இறக்கி, ஜாயிண்டில் டேப் சுற்றினேன். வேலை முடிந்ததும் பானட்டைத் திறந்துவைத்து நானே கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். மல்லிகைப்பூ சரம் கட்டின மாதிரி இருந்தது ஒயரிங். தம்பி போனில் படம் எடுத்து சிநேகிதர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

சரி, ஏரிப் படுகையில் ஓட்டிப் பார்த்துவிடலாம், நீயும் வா என்றார். இந்த வயதில் எனக்கு ஏன் அந்த வேலை என்று கேட்டாள் என் வீட்டுக்காரி. என் வேலையை நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

வெயில் காலத்தில் அந்தப் பக்கம் ஏரி உள்வாங்கிவிடும். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளையாக உப்புப் பூத்த தரை. ஓரத்தில் ஆழமில்லாத ஓடை ஒன்று குறுக்கே போனது. டயர் பாதிகூட நனையவில்லை, தாண்டிவிட்டோம். அதற்கப்புறம் தரை சிமெண்டுத் தளம் மாதிரி இருந்தது. தம்பி உற்சாகமாக அழுத்தினார். லைட் போட்டுப் பார்த்தோம், கம்ப்ரசர் போட்டுப் பார்த்தோம், எல்லாம் கச்சிதம். திரும்பிப் போக வழி தெரியுமா என்று கேட்டேன். மேற்கே தொழிற்பேட்டை இரும்பு ஆலைப் புகை தெரிகிறதே, அதைப் பார்த்து ஓட்டினால் வீடு என்று சிரித்தார்.

கொஞ்ச தூரத்தில் தரையில் காலடித் தடம் பார்த்தேன். வெறுங்கால். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடந்த தடம், கிழக்கே பார்த்துப் போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை. பக்கவாட்டில் எங்காவது திரும்பியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன், இல்லை. தம்பியிடம் காட்டினேன். அவரும் எட்டிப் பார்த்தார். வண்டியின் வேகம் குறைந்தது.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன், சத்தமே இல்லை. பறவை இல்லை. காற்று இல்லை. சூடு தரையிலிருந்து எழும்பி எல்லாவற்றையும் கலைத்துக்கொண்டிருந்தது. வானம் எங்கே முடிகிறது, தரை எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட முடியவில்லை. மேற்கே திரும்பிப் பார்த்தால் புகையையும் காணோம், கரையையும் காணோம். பால் குடத்துக்குள் இறக்கிவிட்ட எறும்பு மாதிரி இருந்தோம். தம்பி வண்டியைத் திருப்பி, நேராகத்தான் ஓட்டினார். நேராக ஓட்டி ஓட்டி ஒரு டயர் தடத்தின் மேல் போய் நின்றோம். இறங்கிப் பார்த்தேன். எங்கள் டயர்தான். நாங்கள் வளைந்து வளைந்து, ஏற்கெனவே போன இடத்துக்கே வந்திருந்தோம்.

"நைனா, அங்க பாரு" என்றார் தம்பி.

தூரத்தில் இரண்டு உருவம் நின்றது. ஒன்று ஆண், ஒன்று பெண் என்று புடவை மாதிரி ஏதோ அசைந்ததை வைத்துச் சொல்லலாம். சூட்டில் அவர்கள் கால் தெரியவில்லை. தரைக்கு ஒரு முழம் மேலே நிற்கிற மாதிரி இருந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றார்கள். தம்பி ஹாரனை அழுத்திப் பிடித்தார். அந்த ஜோடி ஹாரன் சத்தத்துக்கு ரோட்டில் லாரியே ஒதுங்கும். நீளமாக, ஒரே அழுத்தாக அழுத்தினார்.

இரண்டு பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

மனுஷன் என்றால் அந்தச் சத்தத்துக்குத் திரும்பாமல் இருக்க முடியுமா? தம்பி முகத்தில் வியர்வை ஓடியது. அவர்களைப் பார்த்தே ஓட்டலாம் என்று கியர் போட்டார். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. அப்பளம் உடைகிற மாதிரி தரை ஒடிந்து, முன்சக்கரம் இரண்டும் உள்ளே இறங்கியது. மேலே காய்ந்த ஓடு, கீழே கறுப்புக் களி. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தப் பின்சக்கரமும் இறங்கி, வண்டி வயிறு தரையில் உட்கார்ந்துவிட்டது.

வின்ச் இருக்கிறதே என்றேன். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். கயிற்றை எதில் கட்டுவது? ஒரு மரம் கிடையாது, கல் கிடையாது, ஒரு குச்சி கிடையாது. நான் போட்ட ஒயரிங்கில் எல்லாம் வேலை செய்தது. லைட் எரிந்தது, பிரிட்ஜில் தண்ணீர் ஜில்லென்று இருந்தது. எதுவும் எங்களை ஒரு அடி நகர்த்தவில்லை. போனில் சிக்னல் ஒரு கோடு வரும், காதில் வைத்தால் போய்விடும். அந்த உருவங்கள் நின்ற பக்கம் பார்த்தேன். அங்கே இப்போது வெள்ளைதான் இருந்தது.

அப்போது தரை நகர்ந்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. குனிந்து பார்த்தால் நண்டு. சின்னச் சின்ன நண்டுகள், ஆயிரக்கணக்கில், வளைகளிலிருந்து வெளியே வந்து எல்லாம் ஒரே திசையில் மேற்கே ஓடின. எங்கள் செருப்பின் மேல் ஏறி இறங்கி ஓடின. ஒன்றுகூட நிற்கவில்லை. கிழக்கிலிருந்து முகத்தில் முதல் காற்று வந்து பட்டது. அதில் கடல் வாசம் இருந்தது.

பின்னாலேயே தண்ணீர் வந்தது. அலை இல்லை, இரைச்சல் இல்லை. மேஜையில் டம்ளர் கவிழ்ந்தால் டீ எப்படிப் பரவும், அப்படிப் பரவியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே டயரைச் சுற்றி வளைத்துக்கொண்டு பின்னால் போய்விட்டது. அமாவாசை ஏற்றமும் கடற்காற்றும் சேர்ந்தால் முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் இப்படி உள்ளே வரும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், எனக்கு நீச்சல் தெரியாது.

வண்டியை விட்டுவிட்டு, வந்த டயர் தடத்தைப் பிடித்து நடந்தோம். தடம் தண்ணீருக்குள் மறைந்துகொண்டே வந்தது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் வரை புதைந்து, பிடுங்கி, மறுபடி புதைந்து, ஒருவழியாக அந்த ஓடை வரைக்கும் வந்தோம். காலையில் டயர் பாதிகூட நனையாத ஓடை, இப்போது அகலமாக, கறுப்பாக, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. தம்பி காலை விட்டுப் பார்த்தார், இடுப்புக்கு மேல் போனது. இழுப்பு தாங்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். முன்னால் போக முடியாது. பின்னால் வண்டியும் கண்ணுக்குத் தெரியவில்லை. நின்ற இடத்தில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது.

தன் பிள்ளைக்கு அடுத்த வாரம் பரீட்சை என்று தம்பி சொன்னார். ஏன் அதைச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் என் வீட்டுக்காரியிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பியதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான், பின்னால் அந்த வெள்ளைக்குள்ளிருந்து, எங்கள் ஜீப் கூப்பிட்டது.

எங்கள் ஹாரன்தான், என் கையால் மாட்டிய ஹாரன், எனக்குத் தெரியாதா. ஒரு கூப்பாடு. நின்றது. மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு இடைவெளி. மறுபடி ஒரு கூப்பாடு. நின்றது. மறுபடி. யாரோ பொறுமையாக உட்கார்ந்து அழுத்துகிற மாதிரி.

நான் தம்பியைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து கையை எடுத்து விரித்துக் காட்டினார்.

"நைனா, சாவி எங்கிட்ட கீது."

ஆயுசு முழுக்க ஒயரோடு பழகியவன் நான். ஹாரனுக்குச் சாவி தேவையில்லை, பேட்டரியிலிருந்து நேர் இணைப்பு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என்னை விட்டுப் போய்விட்டது. வெறிச்சோடின ஏரிக்கு நடுவே, ஆளில்லாத வண்டி கூப்பிடுகிறது, நிறுத்துகிறது, கூப்பிடுகிறது. அது யாரைக் கூப்பிடுகிறது என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் கைமயிர் எல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. தம்பி ஏதோ சாமி பேரைச் சொல்ல ஆரம்பித்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சொன்னேன்.

எத்தனை தரம் கூப்பிட்டதோ தெரியாது. தண்ணீர் தொடைக்கு வந்திருந்தது. வெள்ளைக்குள்ளிருந்து அந்த இரண்டு உருவமும் வெளிப்பட்டன. இந்த முறை கால் தண்ணீரில் ஊன்றி நடப்பது தெரிந்தது. ஆண் முன்னால் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்து வந்தார். பெண் பின்னாலிருந்து கழியால் ஊன்றித் தள்ளினாள். நடுவே ஒரு சின்னப் படகு.

ஏரியில் மீன் பிடிக்கிற புருஷன் பெண்சாதி. அந்த ஆளுக்கு ஐம்பது வயது இருக்கலாம். ஒரு வார்த்தை பேசாமல் என் கக்கத்தில் கையைக் கொடுத்து மூட்டை மாதிரித் தூக்கிப் படகில் போட்டார். அவர் பெண்சாதிதான் பேசினாள்.

"இம்மா வயசுல இங்க இன்னா தாத்தா வேல? ஊட்ல சண்ட போட்டுக்கினு வந்தியா?"

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. படகு ஓடையைத் தாண்டும்போதும் பின்னால் ஜீப் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. வர வரக் குரல் கம்மி, கடைசியில் மூச்சுவிடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்து அடங்கிப்போனது.

கரையோரம் அவர்கள் வலை வைக்கிற ஓலைக் கொட்டகையில் உட்காரவைத்துப் பால் இல்லாத டீ கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்துதான் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. காலடித் தடம் அவர்களுடையதுதான். தண்ணீர் வற்றியிருக்கும்போது நடந்து போவார்கள், படகு உள்ளேயே நிற்கும், தண்ணீர் ஏறியதும் படகில் திரும்புவார்கள். தடம் எப்படித் திரும்பி வரும் என்று அந்த அம்மா கேட்டாள். உங்களைப் போல வண்டியிலா வருகிறோம் என்று ஒரு குத்தும் சேர்த்துக்கொண்டாள்.

அந்த ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊரில் சீட்டுப் போட்டு முறை வைப்பார்களாம். அதற்குப் பாடு என்று பேர். அன்றைக்கு அந்த இடம் அவர்கள் பாடு. மறுநாள் என்றால் இன்னொரு வீட்டுக்காரர் வேறு பக்கம் நின்றிருப்பார், எங்களைப் பார்த்திருக்கவே மாட்டார். ரொம்ப நாள் காத்திருந்து வந்த முறை. தண்ணீர் ஏறுகிற நேரம்தான் இறால் வருகிற நேரம். அந்த நேரத்தில் வலையை அப்படியே விட்டுவிட்டு எங்களுக்காக வந்திருக்கிறார்கள். அதை அவர்களாகச் சொல்லவில்லை. தம்பி துருவித் துருவிக் கேட்டுத்தான் தெரிந்தது.

நாங்கள் முதலில் ஹாரன் அடித்தபோது ஏன் திரும்பவில்லை என்று கேட்டேன். அதுவரை பேசாத மனுஷர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஏரிக்குள்ள ஒரு வாட்டி கூப்ட்டா திரும்பக் கூடாது சாரு. அது எதுவோ. எங்கப்பா காலத்துலேந்து அப்டித்தான். மூணாவது வாட்டியும் கூப்ட்டாத்தான் மனுசன்."

எங்கள் பக்கத்திலும் வீட்டு வாசலில் யாராவது கூப்பிட்டால் மூன்றாவது தரம்தான் பதில் சொல்ல வேண்டும் என்பார்கள். நான் அதையெல்லாம் நம்பியதில்லை. அன்றைக்கு அந்த நீளமான ஒரே அழுத்து எங்களுக்கு உதவவில்லை. விட்டு விட்டுக் கூப்பிட்டதுதான் உதவியது. வண்டியை விட்டு நடந்தவர்கள் ஓடையில்தான் மாட்டியிருப்பார்கள் என்று நேராக அங்கே வந்தார்களாம்.

அதற்குள் எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. வண்டி வயிறு வரை இறங்கியிருந்ததால் உப்புத் தண்ணீர் சீக்கிரமே சேஸுக்கு ஏறியிருக்கும். நான் கீழே இறக்கி டேப் சுற்றிய ஜாயிண்டுக்குள் புகுந்து எர்த்தாக்கியிருக்கும், பட்டனை அழுத்தியதற்கு அது சமம். ஹாரன் அடிக்கும். உப்புத் தண்ணீர் கசிவோடு சேர்ந்து லோடு தாங்காமல் பிரேக்கர் கட்டாகும். சூடு ஆறும். சேரும். மறுபடி அடிக்கும். நான் சொன்னபடி ஃபியூஸ் போட்டிருந்தால் ஒரே கூப்பாட்டோடு மானமாகச் செத்திருக்கும். நாங்களும்தான். இதைத் தம்பியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால், கெட்டிக்காரத்தனத்துக்கு விழுந்த ஒரு குட்டு என்று நானும் மறந்திருப்பேன். கிளம்பும்போது அந்த அம்மாவின் தோளைப் பார்த்தேன். கயிறு அழுத்திக் கன்றிப்போய், தோல் உரிந்து சிவந்திருந்தது. படகில் வந்தபோது இழுத்தது அவர் புருஷன்தானே, இவள் கழிதானே ஊன்றினாள் என்று கேட்டேன்.

"தண்ணி வந்தப்பறம் அவரு இழுத்தாரு. அதுக்கு முன்ன ரெண்டு பேரும் சேந்துதான் இழுத்தோம். காஞ்ச தரையில படகு சும்மா வருமா?"

காய்ந்த தரையில் எதற்கு இழுத்தீர்கள் என்றேன்.

"நீங்கதான கூப்ட்டுக்கினே இருந்தீங்க, விட்டு விட்டு" என்றாள் அவள்.

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன். தண்ணீர் வந்த பிறகுதான், அம்மா, ஹாரன் அப்படி அடித்தது, அதற்கு முன்னால் ஒரே ஒருதரம்தான் நாங்கள் அடித்தோம் என்றேன். அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவர் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டு, தரை காய்ந்திருந்தபோதே மூன்று தரமும் கேட்டது, அதற்கப்புறம்தான் படகைக் கிளப்பினோம், பாதி தூரம் வந்த பிறகுதான் தண்ணீர் வந்து படகைத் தூக்கியது என்று மெதுவாகச் சொன்னார்.  அந்த அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தண்ணீர் வற்றியதும் ஊர்க்காரர்கள் பலகை போட்டு, கயிறு கட்டி, ஜீப்பைக் கரைக்கு இழுத்துக் கொடுத்தார்கள். ஷெட்டில் வைத்து ஒயரிங் முழுக்க நானே பிரித்தேன். அதே ஜாயிண்டை உப்புத் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். நான் நினைத்த மாதிரியே அடித்தது, நின்றது, அடித்தது. ஷெட்டில் எல்லோரும் கை தட்டினார்கள். காய்ந்த ஜாயிண்டோடு எத்தனையோ தரம் பார்த்தேன். ஒருதரம்கூடத் தானாக அடிக்கவில்லை.

வெயிலில் அவர்களுக்கு முன்பின் குழம்பியிருக்கும் என்கிறார் தம்பி. இருக்கலாம். நான் அதற்குப் பிறகு அவர்கள் படகுக்கு ஒரு பேட்டரி லைட் செய்து எடுத்துக்கொண்டு போனேன். அந்த மனுஷரை வேண்டாம் என்று சொல்லவிடாமல் நானே மாட்டினேன். மாட்டிக்கொண்டே மறுபடி கேட்டேன். அதே பதில்தான். அந்த அம்மாவின் தோளில் அந்தத் தழும்பு அப்போதும் இருந்தது. தண்ணீரில் மிதக்கிற படகைத் தள்ளினால் தோள் அப்படி ஆகாது.

இப்போதும் நான் என் ஷெட்டில் உட்கார்ந்து, யாரும் கைகொடுக்காமல் தனியாளாக வந்தவன் நான் என்று வந்தவர்களிடம் சொல்ல வாயெடுப்பேன். பாதியில் நின்றுவிடுகிறது. எங்கள் ஜீப் விட்டு விட்டுக் கூப்பிடுவதற்கு முன்பே இரண்டு பேர் காய்ந்த தரையில் ஒரு படகை இழுக்க ஆரம்பித்திருந்தார்கள். இந்த அறுபத்தெட்டு வயதில் எனக்குத் தெரியாமல் இன்னும் எத்தனை பேர் அப்படி இழுத்துக்கொண்டு வந்தார்களோ என்று நினைத்தால், நட்ட நடுப்பகலிலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.